சல்லடைத் தாத்தா

"அத்தை, அந்த… மாவைப் போட்டு ஆட்டுவோமே, கீழே பொடிப்பொடியா உதிருமே, அதை எடுத்துத் தர்றீங்களா?"

புருலுக்கு ஒன்றும் புரியவில்லை. சல்லடை வேண்டும் என்று ஒரு வார்த்தையில் கேட்டால் தீர்ந்தது. மருமகள் ஜிபார் ஏன் விடுகதை போடுகிறாள், அதுவும் இன்றைக்குப் பார்த்து?

புருலின் மகன் தாலாயைக் கல்யாணம் செய்துகொண்டு, வழக்கப்படி மூன்று நாள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்துவிட்டு, இன்றுதான் ஜிபார் முதன்முதலாக அடுப்படிக்கு வந்திருக்கிறாள். புகுந்த வீட்டுப் பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, மாவு பிசைந்து, நூடுல்ஸ் வெட்டி, சூப் வைத்துக் கொடுக்க வேண்டும். மனதுக்குப் பிடித்தால் குடும்பத்தின் மூத்தவளான ஜூரா, வெள்ளைத் துணி ஒன்றை அவள் தலையில் கட்டிவிடுவாள். கட்டாமல் எழுந்து போய்விட்டால், ஜிபார் ஆயுசுக்கும் 'தாலாய் இழுத்துக்கிட்டு வந்த பட்டணத்துக்காரி'தான்.

ஜூரா, புருலின் கணவனுக்கு அக்கா. 'தலைநகர் பிஷ்கெக்கில் வளர்ந்தவள் நமக்கு வேண்டாம்' என்று ஒற்றைக் காலில் நின்றவள். வெள்ளைத் துணி அவள் மடியிலிருந்த பையில் இருந்தது. பையை அவள் இன்னும் திறக்கவில்லை.

"என்ன புருல், உன் மருமக சல்லடையைப் பாத்ததே இல்லையா?" என்றாள் ஓரகத்தி உரும்கான். "பட்டணத்துல மாவு சலிச்சேதான் வானத்துலேருந்து விழுமோ?"

மற்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஜிபாரின் கண்கள் கலங்கின.

ஜூரா மட்டும் சிரிக்கவில்லை. "கொஞ்சம் வாயை மூடறியா உரும்கான்? எங்க தாத்தாவோட தம்பி பேரே சல்லடைதான். பொறந்த புள்ளையெல்லாம் தங்காத வீடு, கண்ணு படக்கூடாதுன்னு அப்படி வெச்சாங்க. புகுந்த வீட்டுப் பெரியவர் பேரை மருமக வாயால சொல்லுவாளா?"

பெரியவர்கள் பேரை மருமகள்கள் சொல்வதில்லை. அந்தப் பேர் ஒரு பொருளுக்கு இருந்தால் அந்தப் பொருளையும் பேர் சொல்லிக் கேட்பதில்லை. புருலின் மாமனார் பேர் தெமிர். தெமிர் என்றால் இரும்பு. இருபத்தெட்டு வருஷமாக இரும்பைக் 'கறுப்பன்' என்றுதான் அவள் சொல்லி வருகிறாள். ஆனால் இப்படி ஒரு சல்லடைத் தாத்தா இருந்தார் என்று அவளிடம் யாருமே சொல்லவில்லையே!

"ஐயையோ, நான் இப்பத்தானே…" உரும்கான் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீ இப்பத்தான் சொன்னே. புருல் தினமும் சொல்றா" என்றாள் ஜூரா.

எல்லார் கண்ணும் புருல் பக்கம் திரும்பியது. அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. மருமகளுக்குப் பரீட்சை என்று உட்கார்ந்தவள், தானே தேறவில்லை.

ஜிபார் மாவைச் சலித்து, நன்றாகவே பிசைந்தாள். பிறகு மறுபடியும் தயங்கினாள். "அத்தை… மாவு மேலே உருண்டு ஓடுமே, நீளமா, அது…"

இந்தத் தடவை எல்லோரும் ஜூராவைப் பார்த்தார்கள்.

"கட்டைன்னு எங்க அப்பாவுக்கு ஒரு சித்தப்பா இருந்தார்" என்றாள் ஜூரா அலட்டிக்கொள்ளாமல். "ஆளும் கட்டைதான்."

புருல் தலையைச் சொறிந்தாள். மாமனார் உயிரோடு இருந்தவரை வாய் ஓயாமல் வம்சக் கதை பேசுவார். இந்தக் கட்டைச் சித்தப்பாவை எப்படி விட்டார்?

மாவு தகடாக விரிந்தது. நூடுல்ஸ் நூல் நூலாக வெட்டுப்பட்டுக் கொதிக்கும் சூப்பில் விழுந்தது. பரிமாறும் நேரம் வந்ததும் ஜிபார் மெல்ல ஆரம்பித்தாள். "சூப்புக்குள்ளே முங்கி எழுந்திருக்குமே…"

அவள் முடிப்பதற்குள் உரும்கானே குதித்தெழுந்து அகப்பையை எடுத்து நீட்டினாள். "இந்தா கண்ணு. இதுவும் யாரோ பெரியவராத்தான் இருக்கும்."

"ஆமாம். குதிரையிலேருந்து விழுந்து செத்தவர்" என்றாள் ஜூரா.

சூப் அமிர்தமாக இருந்தது. ஆளுக்கு இரண்டு கிண்ணம் குடித்தார்கள். "நமக்கே தெரியாத பெரியவங்களைப் பட்டணத்துப் பொண்ணு தெரிஞ்சு வெச்சிருக்கு, பாரேன்!" என்று உரும்கான் வியந்து வியந்து மாய்ந்துபோனாள். ஜூரா பையைத் திறந்து, வெள்ளைத் துணியை ஜிபாரின் தலையில் கட்டி, நெற்றியில் முத்தமிட்டாள். புருலுக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. குழப்பம் மட்டும் தீரவில்லை.

விருந்தாளிகள் போனார்கள். கடைசியாக வாசலில் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்த ஜூராவின் கையைப் புருல் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, தெரியாம இத்தனை வருஷம் பேர் சொல்லிட்டேன். அவங்க மூணு பேர் கல்லறையும் எங்கேன்னு சொல்லுங்க. நாளைக்கே போய் மன்னிப்புக் கேட்டுட்டு வர்றேன்."

ஜூரா உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "வேண்டாம்னு நான் சொன்னது கல்யாணத்துக்கு முன்னாடி. இப்ப அவளைப் பாத்து நாலு பேர் சிரிச்சா, நம்ம வீட்டைப் பாத்துச் சிரிச்ச மாதிரி."

"அதுக்கும் கல்லறைக்கும் என்னக்கா சம்பந்தம்?"

"கல்லறையாவது ஒண்ணாவது! பட்டணத்துல வளந்த பொண்ணு, சாமான் பேரெல்லாம் அவளுக்கு ருஷ்ய மொழியிலதான் வருது. அவ முணுமுணுத்தது என் காதுல விழுந்துச்சு. அடுத்த விருந்துக்குள்ள நம்ம மொழியில சாமான் பேரையெல்லாம் சொல்லிக் குடுத்துடு, புருல். புதுசு புதுசாப் பெத்துப் போட இனிமே என்கிட்ட தாத்தாக்கள் இல்லை!"