ஏணியடியில்

பழைய பண்ணைவீட்டின் கூரையில் காலை வெயில் ஏறுகிறது. ஏணியின் மேற்படியில் நின்றபடி அவன், தான் போட்ட ஓடுகளைத் தானே பிரித்துக்கொண்டிருக்கிறான். கீழ்விளிம்பிலிருந்து மேல்நோக்கி அடுக்க வேண்டும் என்று மனைவி அன்றைக்கே சொன்னாள். அவன் கேட்காமல் உச்சியிலிருந்து ஆரம்பித்தான். கீழ் ஓடு மேல் ஓட்டின்மீது ஏறிக்கொண்டு, நேற்றைய மழையை அப்படியே படுக்கைக்குள் வார்த்துவிட்டது. இப்போது அவள் இரு கைகளாலும் ஏணியைப் பிடித்திருக்கிறாள். நகக்கண்ணில் சுண்ணாம்பு. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கிறது. மூன்று நாளாக இருவருக்கும் பேச்சில்லை. நடுவில் ஐந்து வயது மகள்தான் தபால்.

"வயக்காட்டு வாழ்க்கைன்னு கூட்டிட்டு வந்தவரைக் கூரையை ஒழுங்கா போடச் சொல்லு."

"அப்பா, கூரை," என்கிறாள் மகள், அண்ணாந்து.

"பட்டணத்து வேலையை விட்டுடலாம்னு முதல்ல குதிச்சது யாருன்னு உங்கம்மாகிட்ட கேளு."

"அம்மா, யாரு குதிச்சது?"

ஓர் ஓடு அவன் கையிலிருந்து நழுவி, மனைவியின் காலருகே விழுந்து நொறுங்குகிறது. அவன் குனிந்து பார்க்கவில்லை. அவள், செம்பொடி படிந்த தன் பாதத்தையே கொஞ்ச நேரம் பார்க்கிறாள். கோழி ஒன்று வந்து துண்டுகளைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போகிறது.

கடைசி ஓட்டுக்காக அவன் எட்டும்போது ஏணி லேசாக நகர்கிறது. மூன்று நாள் வீம்பும் மறந்துபோய் மனைவியையே நேராகக் கேட்கிறான்: "ஏணியைக் கெட்டியா பிடிச்சிருக்கதானே?"

கீழேயிருந்து மகளின் குரல் வருகிறது.

"அம்மா உள்ள போயிட்டாங்க. நான்தான்ப்பா பிடிச்சிட்டிருக்கேன்."