இருநூற்றுப் பதினோராம் பக்கம்

அகராதியின் இருநூற்றுப் பதினோராம் பக்கத்தில் ஒரேயொரு கட்டம் வெறுமையாக இருந்தது.

சொல்: இன்சென்ஸ். முதற்பொருள்: சாம்பிராணி, குங்கிலியம், அகில் முதலிய நறும்புகைப் பொருள். இரண்டாம் பொருள்: கடுஞ்சினம் மூட்டு. சொல்மூலம் என்ற கட்டத்தில் எதுவும் இல்லை.

மாணவருக்கான அந்த ஆங்கில–தமிழ் அகராதியைத் தொகுத்தவர் முனாப். ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர். ஓர் அரைப்புள்ளி இடம் மாறியிருந்தாலும் முழுப் பக்கத்தையும் அச்சகத்துக்குத் திருப்பி அனுப்புபவர். நாலாயிரம் சொற்களுக்கு மூலம் எழுதியவர், இந்த ஒன்றுக்கு எழுதவில்லை. அந்த இடத்தில் மட்டும் தாள் அழிறப்பரால் தேய்ந்திருந்தது.

ஐந்து மணிக்கு அச்சு தொடங்க வேண்டும். பக்கம் அமைக்கும் சுதாகரன் நகரத்திலிருந்து பாலம் கடந்து காத்தான்குடிக்கு வந்து, அவர் எதிரில் அமர்ந்திருந்தார். ஊற்றிவைத்த பிளேன்டீ ஆறிவிட்டது.

"நானா, ரெண்டாவது கருத்துக்கு உதாரண வசனம் வேணுமெண்டாச் சொல்லுங்க. மூண்டு நாளா நீங்க எனக்குச் செய்யிறத அப்படியே எழுதிவிடுறன்."

முனாப் சிரித்தார். பேனா மூடியபடியே இருந்தது. சுதாகரன் விடவில்லை.

"மணத்துக்கும் கோபத்துக்கும் என்ன சம்பந்தம்? அதத்தானே இந்தக் கட்டம் சொல்லோணும். பெரிய அகராதியப் பாத்து நானே எழுதட்டா?"

"வேணாம் தம்பி. ரெண்டும் ஒரே வேர். எனக்குத் தெரியும்."

தெரிந்தும் எழுதாமல் விட்டால், அவர் அறிந்தே அச்சுக்கு அனுப்பும் முதற்பிழை அதுவாக இருக்கும்.

முந்திய படியுடன் ஒருமுறை ஒப்பிட வேண்டும் என்று அலுமாரியின் கீழ்த்தட்டைக் காட்டினார். சுதாகரன் கீழ்த்தட்டை விட்டு மேல்தட்டில் கைவைத்தார். பொலித்தீன் பொதியொன்று சரிந்து விழுந்து அவிழ்ந்தது.

வெள்ளைத் துணிகள். ஐந்து துண்டுகள். அறை முழுவதும் சாம்பிராணி மணத்தது.

"இந்தா கிடக்கு! அலுமாரிக்குள்ள மணக்க மணக்க வச்சுக்கொண்டா என்னய அலைக்கழிக்கிறீங்க?"

முனாப் எழுந்து வந்து துணிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். பழைய மடிப்புக் கோட்டிலேயே மடித்தார். ஐந்தாவதையும் மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்.

"றமீஸாட கபன் துணி, தம்பி. தங்கச்சியாக்கள் மூண்டு தரம் புகை புடிச்சு, அடக்கத்துக்கு உடுத்த ஆயத்தமா வச்ச. ஆசுபத்திரியில மையித்தத் தரல்ல."

றமீஸா அவருடைய மனைவி. இறந்தது 2020 டிசம்பரில். கொரோனாவால் இறந்தவர் எவரையும் புதைக்க நாட்டில் அனுமதியில்லாத மாதம் அது.

சுதாகரன் பொலித்தீனைக் குனிந்து எடுத்தார். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"விடுங்க நானா. கட்டம் அப்படியே போகட்டும். ஆரு பாக்கப் போறாங்க?"

"ஒரு புள்ளயாவது பாக்கும்."

முனாப் மேசைக்குத் திரும்பினார். தேய்ந்த இடத்தை விரலால் ஒருமுறை நீவினார். பேனாவைத் திறந்து, கோட்டுக்குள் அடங்கும்படி, பிழையின்றி எழுதினார்:

இலத்தீன். பொருள்: எரிக்கப்பட்டது.