மரத்தடிப் படையல்

"அண்ணே, செருப்பக் கழட்டுங்க! முனியாண்டிக்குப் படையல் போட்டிருக்காங்க, பாக்கலையா?"

மலேசியாவின் கோலசிலாங்கூர் ஆற்றோரப் பூங்கா. ஆற்றில் கை கழுவிவிட்டு மேலேறி வந்த நாராயணசாமி, அங்கே நின்றிருந்த புனிதவதி என்ற பெண்ணின் அதட்டலில் செருப்பைக் கழற்றினார்.

மரத்தடியில் வாழையிலை. அதில் சோறு, கோழிக்கறி, இரண்டு அவித்த முட்டை. பக்கத்தில் ஒரு சுருட்டு. புனிதவதி முட்டைமேல் திருநீறு தூவி, கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டாள்.

"அதோ கயாக் படகு ஓட்டுறாளே, அவதாண்ணே எம் மக. நாளைக்கு எஸ்.பி.எம். பரீட்ச ரிசல்ட்டு. ஒரு வாரமா சரியாச் சாப்பிடல. இன்னிக்கித்தான் சிரிக்கிறா. வந்த எடத்துல சாமியும் இருக்கு பாருங்க. நல்ல சகுனம்தானே?"

ஏதோ சொல்ல வாயெடுத்த நாராயணசாமி, அவள் கண்கள் கலங்கியிருப்பதைப் பார்த்தார்.

"நல்ல சகுனம்தான் லா, தங்கச்சி. புள்ள பாஸாயிடும்."

அவள் நிம்மதியாக ஆற்றுப் பக்கம் போனாள்.

கற்பூரம் அணையும்வரை அவர் காத்திருந்தார்.

"முனியாண்டி, அந்தப் புள்ளையக் கைவிட்டுடாதப்பா" என்று முட்டைமேல் இருந்த திருநீற்றை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டு, அந்த இலையில் இருந்த, மனைவி கட்டிக்கொடுத்த தன் மதியச் சாப்பாட்டின் முன் உட்கார்ந்தார்.