நாலு மணி அரிப்பு

"எங்க அரிக்குதுன்னு ஒரே இடமா சொல்லுங்க. ஊரெல்லாம் சுத்திக் காட்டாதீங்க."

"உள்ளங்கையிலதான் ஏறுச்சு. இப்ப முதுகுப் பக்கம் போயிட்டிருக்கு."

மனைவி சீப்போடு கட்டிலில் உட்கார்ந்தாள். மருந்துக்கடை வேலை முடிந்து அவள் நாலு மணிக்கு வருவாள். அவருடைய அரிப்பும் சரியாக நாலு மணிக்கு வரும். முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். நேரம் தவற மாட்டார்.

தூக்கத்தில் பிரேக் போட்டு இரண்டு முறை அவளைக் கட்டிலிலிருந்து இறக்கிவிட்டார். அந்தக் கோபத்தில் தங்கை வீட்டுக்குப் போனவள், நாலு வருடம் திரும்பவில்லை. முட்டிவலிக்கு அவராகவே வாங்கி விழுங்கிய கேப்சூல் கல்லீரலைக் கெடுத்து, கண் மஞ்சளாகி, உடம்பெங்கும் எறும்பு ஊர்வதுபோல் அரித்தபோதுதான் வந்தாள்.

கேப்சூலை நிறுத்தினால் அரிப்பு மெல்ல அடங்கிவிடும் என்றார் டாக்டர்.

"அடங்குற வரைக்கும்தான் இருப்பேன்" என்று பெட்டியைக் கதவோரம் வைத்தாள் அவள்.

அது மூன்று மாதத்துக்கு முன்பு.

சீப்பு முதுகில் இறங்கியது. கட்டில் மெதுவாக நகர்ந்து சன்னல் வழியே வெளியேறி, கூரைகளுக்கு மேலே குலுங்காமல் போனது. ஸ்டியரிங்கில் யாருமில்லை. சிவப்பு விளக்குகள் அவரை அடையாளம் கண்டு, மரியாதையாகப் பச்சைக்கு மாறின. முழு வண்டிக்கும் ஒரே ஒரு பயணி. அவள் எங்கே இறங்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை.

"இன்னிக்கு ரத்த ரிப்போர்ட் வந்துச்சு. கல்லீரல் பளிச்சுன்னு இருக்காம். அரிப்பு நின்னு ரெண்டு மாசம் ஆகியிருக்கணுமாம்."

கட்டில் தரையில் இறங்கியது.

"டாக்டருக்கா அரிக்குது? எனக்குத்தானே அரிக்குது."

"அப்ப பெட்டியை எடுக்க வேணாமா?"

"இந்த நிலைமையில விட்டுட்டுப் போவியா?"

அவள் தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குப் போனாள்.

அவர் அவசரமாகத் தலையணை உறைக்குள் கைவிட்டுக் குப்பியை எடுத்தார். மூன்று மாதமாகத் தினம் ஒன்று, அதே முட்டிவலிக் கேப்சூல். கல்லீரல் போனால் போகட்டும், அரிப்பு போனால் இவளும் போய்விடுவாளே. இவ்வளவு விழுங்கியும் கல்லீரல் எப்படிப் பளிச்சென்று இருக்கிறது என்பதுதான் அவருக்குப் புரியவில்லை.

கையில் ஏதோ ஊர்ந்தது. இந்த முறை நிஜ எறும்பு. சுவரிலிருந்து தலையணை உறைக்குள் எறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன; குப்பிக்குள்ளும் அதே கூட்டம். ஒரு கேப்சூலைப் பிரித்து நாக்கில் தொட்டுப் பார்த்தார்.

சர்க்கரை.

தம்ளரோடு வாசலில் நின்றிருந்தாள் மனைவி.

"வந்த அன்னிக்கு உறை மாத்தறப்பவே பார்த்துட்டேன். எல்லாத்தையும் பிரிச்சு மருந்தைக் கொட்டிட்டு சர்க்கரை ரொப்பினேன். மூடியை இறுக்கி மூடுங்கன்னு சொல்லத்தான் மூணு மாசமா வழி தெரியலை."

தலையணையைத் தட்டி எறும்புகளை உதறிப் போட்டுவிட்டு, மறுபடி சீப்பை எடுத்தாள்.

"திரும்பிப் படுங்க. எந்தப் பக்கம் அரிக்குது?"