குடும்பப் பெயர்

"குடும்பப் பெயர் எங்கே?" என்று சிவப்பில் எழுதிச் சுழித்து, கட்டுரையை மறுபடியும் திருப்பிக் கொடுத்துவிட்டார் சுதேஷ்ணா தீதி.

என் ஆய்வு வழிகாட்டி; வங்காள வழக்கப்படி எங்களுக்கெல்லாம் தீதி, அதாவது அக்கா. மேற்கோள் பட்டியலில் ஒரு காற்புள்ளி இடம் மாறினால் அவருக்குச் சோறு இறங்காது.

ரா. கல்பனா என்று போட்டால் போதாதாம். இனிஷியலை விரித்து, அதைத்தான் முதலில் எழுத வேண்டுமாம். சான்றிதழில் உள்ளபடி: இராஜமாணிக்கம், கல்பனா.

அதாவது, நாளைக்கு யாராவது என் ஆராய்ச்சியை எடுத்துக்காட்டினால் "இராஜமாணிக்கம் கூறுகிறார்" என்றுதான் எழுதுவார்கள். ஹூக்ளி ஆற்றங்கரையில் படகுத்துறை படகுத்துறையாக வெயிலில் அலைந்தது நான். கூறுவது அவரா?

நமக்கு ஏது குடும்பப் பெயர்? முகர்ஜி என்றால் ஒரு வம்சத்துக்கே பொது. இராஜமாணிக்கம் என்றால் ஒரே ஓர் ஆள்.

அதுவும் எப்பேர்ப்பட்ட ஆள்! நான் பள்ளிக்கூடம் சேர்ந்த வருடம் கரக்பூருக்கு மாற்றலாகிப் போனவர், அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார்.

அதைக்கூட விட்டுவிடலாம். ரிப்போர்ட் கார்டு வரும்போதெல்லாம் கையெழுத்துப் போட மட்டும் வருவார். நான் தூங்கிய பிறகு. காலையில் அம்மா கார்டை நீட்டுவாள், அப்பா வந்து போட்டுட்டுப் போயிட்டாரு என்று.

ஒரு தடவையாவது என்னை எழுப்பியிருக்கலாமே அந்த மனுஷன்! அந்த ஆத்திரம் எனக்கு இன்றும் அடங்கவில்லை.

கட்டுரை இன்று மாலைக்குள் ஆய்விதழுக்குப் போயாக வேண்டும். தவறினால் அடுத்த வருடம்தான்.

கார்டன் ரீச்சில் இருக்கும் எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகக் கத்தினேன்.

"எதுக்கும்மா சர்டிபிகேட்ல அந்தாளு பேரை முழுசாக் குடுத்தே? நான் நாயா அலைஞ்சதெல்லாம் இப்ப அவர் பேர்ல போகுது!"

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, என்னிடமிருந்து தாளையும் பேனாவையும் வாங்கினாள்.

சிவப்புச் சுழிக்குப் பக்கத்தில் எழுதினாள்.

முதல் எழுத்துக்கு நீள வால். அடியில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளிகள். பார்த்துப் பார்த்து எனக்கு மனப்பாடமாகிப் போன அதே கையெழுத்து.

"அந்த மனுசன் எங்க கண்ணு வந்தாரு? ஸ்கூல்ல கேப்பாங்கன்னு நாந்தான் போட்டேன்."

சொல்லிவிட்டுக் கீரைக்குத் திரும்பிவிட்டாள்.

எனக்கு அழுகை வந்தது. இத்தனை வருஷம் சொல்லாமல் இருந்தாளே என்று கோபமும் வந்தது.

லேப்டாப்பைத் திறந்தேன். முதல் வரியில், இத்தனை வருஷம் அம்மா போட்ட அந்தப் பெயரையே முன்னால் வைத்து, இராஜமாணிக்கம், கல்பனா என்று அடித்து அனுப்பினேன்.

காற்புள்ளியைக்கூட மறக்கவில்லை.