ரெண்டாவது போத்தல்

"ஏம்மா பிரவீனா, எங்களப் பாத்தா முட்டாளுங்க மாதிரியா இருக்கு?"

சதாசிவம் போட்ட சத்தத்தில் கோபுரத்துப் புறாக்கள் அத்தனையும் கிளம்பிவிட்டன. தெப்ராவ் பக்கத்து முருகன் கோயிலுக்குச் செயலாளர். மதிலை ஒட்டி அவருடைய டோபிக் கடை வேறு. சும்மா விடுவாரா?

கோயில் கிணற்றில் கெமிக்கல் என்று ரெண்டு வருசமாய்ப் பூட்டு. எதிர்த்த ஃபேக்டரிக்காரன் வேலைதான் என்று அவர் திட்டாத நாளில்லை. பிரவீனாவின் கம்பெனி கிணற்றைச் சுற்றித் துளை போட்டு, ஆறு மாசமாய் இரும்பு உப்பும் பெராக்சைடும் இறக்குகிறது. இரும்பு உசுப்பிவிட்டால், பெராக்சைடு அந்தக் கெமிக்கலை உடைத்துப் போட்டுவிடுமாம். இன்றைக்கு எடுக்கிற தண்ணீர் தேறினால்தான் பங்குனி உத்திர அபிஷேகம் இந்தக் கிணற்றில்.

அவளோ முதல் போத்தலில் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்துவிட்டு, ரெண்டாவது போத்தலில் கையோடு கொண்டுவந்த தண்ணீரை ஊற்றுகிறாள்!

"அண்ணே, இது லேப்ல குடுத்த சுத்தத் தண்ணி. கிணத்துத் தண்ணி கூடவே போகணும். வழியில ஏதாச்சும் கலந்தா இது காட்டிக் குடுத்துடும்."

"கதை விடாதம்மா! இதக் காட்டி கிணறு பாஸ்னு சொல்லிடுவே. போத்தல் பெட்டியக் குடு, என் வேன்லயே லேப்புக்குக் கொண்டு போறேன்."

பெட்டி வேனில் போனது.

நாலாம் நாள். கோயில் கமிட்டி கூடியிருந்த நேரம் பிரவீனாவின் போன்.

"அண்ணே, கொஞ்சம் தனியாப் பேசலாமா?"

"அதெல்லாம் முடியாது. எல்லாரும் கேக்கட்டும் லா!" ஸ்பீக்கரைப் போட்டு மேசை நடுவில் வைத்தார்.

"கிணத்துத் தண்ணில கெமிக்கல் இருக்குண்ணே."

"பாத்தீங்களா! ஆறு மாசமா ஏமாத்து வேலை!"

"சுத்தத் தண்ணிலயும் அதே அளவு இருக்கு. அப்படின்னா ரெண்டுலயும் வழியிலதான் கலந்திருக்கு, கிணறு சுத்தமாத்தான் இருக்கும். நாளைக்கே மறுபடி எடுத்து என் காடியில வச்சு ஓட்டிக்கிட்டுப் போறேன், உத்திரத்துக்குள்ள முடிஞ்சிடும். ஆனா... உங்க வேன்ல வேற என்ன இருந்துச்சுண்ணே?"

"என்ன இருக்கும்? கல்யாண வீட்டுக் கோட்டு முப்பது. டிரை கிளீன் பண்ணி..."



"ரெண்டு வருசமா கிணத்துல இருந்ததும் அந்த டிரை கிளீன் மருந்துதாண்ணே."

தலைவி ராஜம்மா மெதுவாக நிமிர்ந்தார். "சதாசிவம், மிஞ்சுற மருந்த எங்க ஊத்துறீங்க?"

கடைக்குப் பின்னால், மதிலோரச் சாக்கடையில்தான். வேறெங்கே? அவர் கை அவசரமாய் ஸ்பீக்கரைத் தேடியது.

போனில் பிரவீனா பெருமூச்சு விட்டாள். "அதுக்குத்தாண்ணே தனியாப் பேசலாம்னேன்."