மேலுதடு

திருமழபாடியில், கொள்ளிட மணலில் இளவழகன் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறான். இன்று அவன் மனைவி வினோதினிக்குக் கருமாதி. காலை வெயில் நாவிதர் மருதையின் கத்தியில் பட்டு அவன் கண்ணில் அடிக்கிறது. “மீசைய எடுத்துடலாங்களா தம்பி?” தலையசைக்கிறான். “கடல்பசு மீசையத்தான் ஆராய்ச்சி பண்றீங்களாமே. அதுக்கெல்லாமா மீசை இருக்கு?” “இருக்குங்க. கலங்குன தண்ணியில கண்ணு தெரியாது. மேலுதட்டு முடியால தொட்டுத்தான் புல்லு இருக்கற எடத்தத் தெரிஞ்சுக்கும்.” கடலே இல்லாத அரியலூர்க்காரனை அந்தப் படிப்புக்கு விண்ணப்பம் போட வைத்தவள் வினோதினிதான். அந்த உயிர் அழிந்துபோகக் கூடாதென்று அவனுக்கு முன்பே கவலைப்பட்டவள். போன மாதம் விடுப்பில் வந்தவன் அந்த முடிகளின் படங்களை மடிக்கணினியில் அளந்துகொண்டிருந்தபோது அருகில் வந்து நின்றாள். “ஒடம்பு காயுதுங்க. கொஞ்சம் தொட்டுப் பாருங்களேன்.” “மாத்திரை போட்டுக்க” என்றான், திரும்பாமல். நான்காம் நாள் மருத்துவமனையில் இறந்துபோனாள். கத்தி உதட்டின் மேல் சரசரவென்று இறங்குகிறது. நனைந்த முடி மணலில் விழுகிறது. மழித்த இடத்தில் ஆற்றுக்காற்று சில்லென்று படுகிறது. மருதை கத்தியைத் துடைத்துக்கொண்டே சொல்கிறார்: “சரியா இருக்கான்னு தொட்டுப் பாருங்க தம்பி.” இளவழகனின் கை மடியிலேயே கிடக்கிறது.